கல்கியின் நாவல்களில் முதலில் படிக்க எது: பொன்னியின் செல்வனா, சிவகாமியின் சபதமா?

படம் பார்த்துவிட்டு வருபவர்கள் நேரே ‘பொன்னியின் செல்வ’னைத்தான் எடுக்கிறார்கள். ஐந்து பாகம். 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்ததால் அத்தியாயங்கள் முடிச்சோடு நிற்கும், முன்கதையும் அடிக்கடி திரும்ப வரும். ஒரே மூச்சில் படித்தால் சலிப்பது அதனால்தான். தினம் நான்கைந்து அத்தியாயம் போதும். பழுவேட்டரையர் என்ற பெயரில் பாத்திரங்கள் இருவர், உறவுமுறையோ சிக்கல்: சோழர் வம்சாவளியைத் தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதற்கு நேரடி விடை எதிர்பார்க்க வேண்டாம்.

‘சிவகாமியின் சபதம்’ நான்கே பாகம், பாத்திரங்களும் குறைவு. தொடக்கம் நிதானம், காஞ்சி முற்றுகையில் வேகம் பிடிக்கும். முடிவின் கனமும் இதில்தான் அதிகம். புதியவருக்கு இதையே முதலில் தருவேன். இரண்டும் நாட்டுடைமை, தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தின் (Project Madurai) இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.