எங்கள் ஊராட்சி அலுவலகம்: 19 வருஷமாகப் பயன்படுத்துகிறவளின் விமர்சனம்

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைத்த ஒன்றில் பாதி சாக்கடைக்கு, பாதி குப்பைக்கு.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து 19 வருஷம் ஆகிறது. வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். தினமும் 12 கிலோ அரிசி ஊறப் போடுவேன். அரிசி களைய, உளுந்து கழுவ, கிரைண்டர் கழுவ என்று எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். அதனால் ஊராட்சியை நான் முதலில் தண்ணீரை வைத்துத்தான் பார்ப்பேன்.

காலை ஆறு மணிக்குத் தொட்டியைத் திறந்துவிடுவார்கள். எங்கள் தெருவுக்கு ஆறேகாலுக்கு வரும், முக்கால் மணி நேரம் ஓடும். தொட்டி ஆபரேட்டர் அண்ணனுக்கு வீடு அடுத்த தெருதான். போன சித்திரையில் மோட்டார் காயில் எரிந்துபோனது. அன்று ராத்திரி பத்து மணிக்கு அவர் தெருத் தெருவாக வந்து, "தொட்டியில இருக்கிறத இப்பவே விடுறேன், பிடிச்சு வெச்சுக்குங்க, ரெண்டு நாளைக்கு வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்டா, குடம், கிரைண்டர் குழவிச் சட்டி வரைக்கும் நிரப்பி வைத்தேன். இரண்டு நாளும் மாவு நிற்கவில்லை. எந்தச் சேவையிலும் எனக்கு இதற்கு மேல் தேவையில்லை. தண்ணீர் வராது என்றால் முன்னாலேயே ஒருத்தர் வந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

வரி கட்டுவது சுலபம். பள்ளிக்கூடத்தை ஒட்டிய கட்டடம், நடந்தால் ஐந்து நிமிஷம். வீட்டு வரி வருஷத்துக்கு 400 ரூபாய்க்குள் முடிந்துவிடும், தண்ணீர்க் கட்டணம் மாதம் 50. ஊராட்சிச் செயலாளர் இல்லை என்றால் போன் பண்ணினால், எப்போது வருவார் என்று சொல்லிவிடுவார். தெருவிளக்கு எரியாவிட்டால் தலைவர் வீட்டு வாசலில் போய் நிற்போம். அவர் எந்தக் கட்சி என்பது ஊருக்கே தெரியும், நாங்கள் எந்தக் கட்சி என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் விளக்கு எரிந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கிழக்குத் தெரு சாக்கடை பாதியில் நின்று மூன்று வருஷம் ஆகிறது. மழை பெய்தால் கோயில் முன்னால் கணுக்கால் அளவு நிற்கும். குப்பையை ஏரிக்கரையில் கொட்டிக் கொளுத்துகிறார்கள். மே 1 கிராம சபையில் நானே எழுந்து இதைக் கேட்டேன். அதற்கு முன் மைக்கில் பேசியதே கிடையாது, கை நடுங்கியது. நான் சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். நாலு மாதம் புகை இல்லை. அப்புறம் திரும்ப ஆரம்பித்துவிட்டது. அதனால்தான் நட்சத்திரத்தைக் குறைத்தேன்.

இந்த அலுவலகத்தைத்தான் இப்போது மூடப் பார்க்கிறார்கள். 2025 ஜனவரியில் 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகளை இணைக்கப்போவதாக அரசு சொன்னது. அதில் எங்கள் ஊரும் இருக்கிறது என்று பால் ஊற்றுகிற தம்பி சொல்லித்தான் தெரிந்தது. எங்கள் கிராம சபையில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இருக்கிற கோபம் இதில்தான். இணைப்பது நல்லது என்றால் வந்து மைக்கில் சொல்லுங்கள், கேட்கிறோம். சரி என்று பட்டால் கையும் தூக்குவோம்.

மாநகராட்சிக்குள் போனால் எப்படி இருக்கும் என்று தெரியாமல் பேசவில்லை. என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் 2011இல் வேறொரு மாநகராட்சியோடு சேர்ந்தது. சாலை அகலமானது, அதை ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் எந்த நாள் என்று சொல்ல மாட்டார்கள். வரி அரையாண்டுக்கு ஒரு முறை. 2022 ஏப்ரலில் நகரங்களில் எல்லாம் சொத்து வரியை ஏற்றியபோது அவளுக்கும் ஏறியது. சும்மா கிடக்கிற இடத்துக்கும் காலிமனை வரி கேட்டு நோட்டீஸ் வந்தது. குழாய் உடைந்ததற்கு அவள் மூன்று முறை மண்டல அலுவலகத்துக்குப் போனாள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள், வேறு வேறு பதில். கவுன்சிலரிடம் போகலாமே என்று கேட்பீர்கள். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2022 பிப்ரவரியில்தான் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் அவளுக்குக் கவுன்சிலரே கிடையாது.

கிராமத்திலும் தேர்தலைத் தள்ளிப்போடுகிறார்கள்தான். எங்கள் தலைவரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. தலைவருக்குப் பதிலாக இப்போது வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.)தான் தனி அலுவலர். ஒன்றிய அலுவலகம் 14 கிலோமீட்டர், இரண்டு பஸ் மாற வேண்டும். அதனால் ஊர்க்காரர்கள் இன்னமும் பழைய தலைவர் வீட்டுக்குத்தான் போகிறார்கள். கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லாவிட்டாலும் அவர் போன் எடுத்துப் பேசுகிறார்.

என் மாமியாருக்கு 63 வயது. நூறு நாள் வேலைக்குப் போகிறார். 2025-26இல் கூலி 336 ரூபாயாக இருந்தது. அது கிராமப்புறத்துக்கு மட்டுமான திட்டம். ஊர் மாநகராட்சி ஆனால் அவர் கையில் இருக்கிற அட்டைக்கு மதிப்பில்லை. மாத்திரை வாங்க என்னிடமோ மகனிடமோ கை நீட்டாதவர் அவர். கொழுந்தனார் குடிசையை இடித்து வீடு கட்ட, கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவும் ஊராட்சிப் பகுதிக்குத்தான்.

மனை விலை ஏறும் என்று சந்தோஷப்படுகிறவர்களும் எங்கள் ஊரில் உண்டு. அவர்களோடு சண்டை இல்லை. விற்றுவிட்டுப் போகிறவர்களுக்கு லாபம்தான், இருந்து குடித்தனம் நடத்துகிறவர்கள் கணக்கு வேறு.

கிராம சபை போனால் என்ன, நகரத்தில் பகுதி சபை இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். வக்கீலுக்குப் படிக்கிற என் தங்கை மகன் அதற்கு விளக்கம் சொன்னான். கிராம சபைக்கு அரசியலமைப்புச் சட்டத்திலேயே 243ஏ என்று தனி இடம் இருக்கிறது, பகுதி சபைக்கு அது இல்லை. சட்டம் தெரியாத எனக்குத் தெரிந்தது இதுதான்: வருஷத்துக்கு ஆறு நாள் நான் எழுந்து பேசினால் எழுதிக்கொண்டே ஆக வேண்டும். அக்காவுக்கு அப்படி ஒரு நாள்கூட வாய்த்ததில்லை.

ஜனவரி 26 கிராம சபையில் இணைப்பு வேண்டாம் என்று தீர்மானம் போட்டோம். பள்ளிக்கூட மைதானம் நிறைந்துவிட்டது. நூறு நாள் வேலைப் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். செயலாளர் தீர்மானத்தை இரண்டு முறை சத்தமாக வாசித்தார். அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். வரி கட்டப் போனால் பழைய ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அக்டோபர் 2 கிராம சபைக்குப் பதினொரு மணிக்கு முன்னாலேயே வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். 3,000 பேருக்கு மேல் இருக்கிற ஊர் என்பதால் 200 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். போன தடவை மாதிரி மர நிழலில் நின்றே பார்த்துவிட்டுப் போகாதீர்கள், பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும்.