பேனா யார் கையில்? எழுத்துக்கு உதவும் நான்கு தன்னார்வப் பணிகள்

"வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். பிள்ளைகளுக்கு எழுத்தில் ஏதாவது உதவி செய்யணும். எதில் சேரலாம்?" இப்படிக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அந்த ஒரு மணி நேரம் அடுத்த வருஷம் இதே மாதத்திலும் கையில் இருக்குமா? பதில் வருவதற்கு முன் பெரும்பாலும் ஒரு சின்ன மௌனம் வரும். அதை வைத்தே பாதி முடிவைச் சொல்லிவிடலாம்.

எழுத்துக்கு உதவுவது என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே நான்கு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒருநாள் கதைப் பட்டறையில் போய் உட்காரலாம். ஒரே மாணவருக்கு வருஷம் முழுக்க வழிகாட்டியாக இருக்கலாம். இணையம் வழியாக டிராஃப்டை வாங்கிப் படித்துக் கருத்துச் சொல்லலாம். கல்லூரிக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் விண்ணப்பிப்பவர்களுக்குக் கட்டுரையிலும் ஃபார்மிலும் கைகொடுக்கலாம். நாலிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கிறேன். ஒன்றில் நன்றாகச் சொதப்பியும் இருக்கிறேன், அதையும் சொல்கிறேன்.

முதலில் பட்டறை. இதற்கு இன்று பலரும் பின்பற்றும் வடிவத்தைக் கொடுத்தது சான் ஃபிரான்சிஸ்கோவில் 2002இல் தொடங்கிய 826 வலென்சியா. எழுத்தாளர் டேவ் எக்கர்ஸும் ஆசிரியை நினிவே கலெகாரியும் ஆரம்பித்தது. அவர்களுக்குக் கிடைத்த கட்டடத்தில் சட்டப்படி கடை ஒன்று இருந்தே ஆக வேண்டும். சரி, கடைதானே என்று கடற்கொள்ளையர்களுக்கான சாமான்கள் விற்கும் கடையைத் திறந்துவிட்டார்கள். ஒற்றைக் கண் மறைப்பு விற்கும் கடையைத் தாண்டிப் போனால் பின்னால் எழுதும் கூடம். டியூஷனுக்கு வருகிறோம் என்ற கூச்சமே பிள்ளைகளுக்கு இல்லாமல் போனது. டப்ளினில் 2009இல் ராடி டாய்லும் ஷான் லவ்வும் ஃபைட்டிங் வேர்ட்ஸ் தொடங்கினார்கள். லண்டனில் 2010இல் மினிஸ்ட்ரி ஆஃப் ஸ்டோரீஸ் வந்தது. அங்கே முகப்பில் இருப்பது பூதங்களுக்கான கடை.

இந்த மாதிரிப் பட்டறை நடக்கும் விதம் எளிது. ஒரு வகுப்புப் பிள்ளைகள் மொத்தமாக வந்து உட்காருவார்கள். ஒருவர் கேள்வி கேட்பார், ஒருவர் பிள்ளைகள் சொல்லச் சொல்ல டைப் அடிப்பார், அது திரையில் ஓடும். இன்னொருவர் படம் வரைவார். நாயகன் யார், அவனுக்கு என்ன வேண்டும், எதைக் கண்டால் பயம் என்று எல்லாம் ஓட்டுப் போட்டு முடிவாகும். கதை சூடு பிடிக்கும் இடத்தில் டக்கென்று நிறுத்திவிடுவார்கள். மீதியை அவரவர் தாளில் எழுத வேண்டும்.

நம் வேலை அப்போதுதான் தொடங்கும். முப்பது பேரில் நாலைந்து பேராவது வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை என் பக்கத்தில் இருந்த பையன், "எனக்கு ஒண்ணும் தோணலை" என்றான். இந்த இடத்தில் ஐடியா கொடுக்கத் துடிக்கும் நாக்கை அடக்குவதுதான் இதில் இருக்கும் ஒரே கஷ்டம். "கதவுக்குப் பின்னாடி சத்தம் கேட்டுச்சே, அது முதல்ல யார் காதுல விழுந்தது?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "நாய்க்கு." அதையே எழுதச் சொன்னேன். பிறகு அந்த நாய் கதையை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

பட்டறையின் வசதி, போன அன்றே பலன் தெரிவது. அடுத்த வாரம் வராவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. புதிதாக வருபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் கிடையாது. ஆனால் எழுதியதைத் திரும்ப எழுதுவது என்ற பாதி வேலை இங்கே நடக்காது. முதல் டிராஃப்ட் புத்தகமாகக் கட்டப்பட்டுக் கைக்கு வரும்போது பிள்ளையின் முகம் மலரும், பஸ் வரும், போய்விடுவார்கள்.

வருஷம் முழுக்க ஒருவருக்கு ஒருவர் என்பது இதற்கு நேர் எதிர். நியூயார்க்கில் 1998இல் தொடங்கிய கேர்ள்ஸ் ரைட் நவ், லாஸ் ஏஞ்சலஸில் 2001இல் தொடங்கிய ரைட்கேர்ள் இரண்டும் இந்த வழியில் பெயர் பெற்றவை. எழுத்தைத் தொழிலாகக் கொண்ட பெண்களும் பதின்ம வயதுப் பெண்களும் ஜோடியாக உட்கார்ந்து எழுதும் ஏற்பாடு. மூன்றாவது, நான்காவது டிராஃப்ட் வருவது இங்கேதான். மாணவி எதைத் தவிர்க்கிறாள், எந்த இடத்தில் நகைச்சுவைக்குள் ஒளிந்துகொள்கிறாள் என்று ஏழெட்டு சந்திப்புக்குப் பிறகு நமக்கே பிடிபடும். அதற்கு முன் சொல்லும் அறிவுரையெல்லாம் பொதுவானவைதான்.

நால்வகையில் அதிகத் தீங்கு செய்யக்கூடியதும் இதுதான். ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்ற பழைய அமெரிக்க வழிகாட்டி அமைப்பின் இளைஞர்களைப் பின்தொடர்ந்து பார்த்தது அது. வழிகாட்டி ஒரு வருஷமோ அதற்கு மேலோ கூட இருந்தவர்களுக்குப் பலன் அதிகம். மூன்று மாதம்கூட நிலைக்காத ஜோடிகளில் பிள்ளைகளின் தன்மதிப்பும், படிப்பில் தன்னால் முடியும் என்ற நம்பிக்கையும் முன்னைவிடக் கீழே போயிருந்தன. அது எழுத்துக்கான அமைப்பு அல்ல என்பது உண்மை. இருந்தாலும் தான் எழுதியதை ஒருவரிடம் காட்டிய பிறகு அவர் காணாமல் போவது இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும் என்று நினைக்கிறேன். ஆகவே அந்த மௌனம் வந்தவர்கள் இதில் சேர வேண்டாம். அன்பு இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது என்பதெல்லாம் நல்லதுதான், காலண்டரில் இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நான் சொதப்பியது மூன்றாவதில்.

இணையம் வழியாக டிராஃப்ட் படிப்பது எல்லாருக்கும் பிடிக்கும் ஏற்பாடு. நேரம் நம் கையில், வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம். ஒரு மாணவரின் கட்டுரை வந்தது, பதினேழு வயது இருக்கும். நான் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து சிவப்பில் நாற்பதுக்கும் மேல் திருத்தம் போட்டேன். ஒற்று, கால்புள்ளி, நீண்ட வாக்கியத்தை இரண்டாக உடைப்பது என்று எதையும் விடவில்லை. போதாததற்கு இரண்டாம் பத்திக்குக் கீழே "இந்தப் பகுதியை இன்னும் ஆழமாக யோசித்துப் பாருங்கள்" என்றும் எழுதினேன். மூன்று நாளில் கட்டுரை திரும்பி வந்தது. நாற்பது திருத்தமும் ஒழுங்காக ஏற்றப்பட்டிருந்தன. வேறு ஒரு எழுத்துகூட மாறவில்லை. அந்த இரண்டாம் பத்தி இப்போது பிழையில்லாமல் மேலோட்டமாக இருந்தது.

நான்சி சாமர்ஸ் 1982இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆசிரியர்கள் மாணவர் கட்டுரைகளில் எழுதும் குறிப்புகளை ஆராய்ந்தவர் அவர். ஒரே பத்தியில் பிழைகளைத் திருத்தவும் சொல்கிறார்கள், அந்தப் பத்தியையே மாற்றி யோசிக்கவும் சொல்கிறார்கள், மாணவருக்கு எது முக்கியம் என்று எப்படித் தெரியும் என்பது அவர் கேள்வி. எந்தக் கட்டுரையிலிருந்தும் பிடுங்கி எந்தக் கட்டுரையிலும் ஒட்டக்கூடிய பொதுக் குறிப்புகளாக இருக்கின்றன என்றும் சொன்னார். என் "ஆழமாக யோசியுங்கள்" அதில் கச்சிதமாகப் பொருந்தும். ஸ்டீவ் கிரஹாம், டோலோரஸ் பெரின் இருவரும் 2007இல் 4 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். திட்டமிடுவது, திருத்தி எழுதுவது எப்படி என்று வழிமுறை சொல்லித்தருவதன் பலன் 0.82 என்ற உயர்ந்த அளவில் இருந்தது. இலக்கணத்தைத் தனியாகப் பிரித்துப் பாடம் நடத்துவதோ மைனஸ் 0.32, அதாவது பலன் எதிர்த்திசையில்.

இப்போது நான் இரண்டே குறிப்புதான் எழுதுகிறேன். ஒன்று, எந்த இடத்தில் எனக்குள் ஏதோ நகர்ந்தது என்பது. இன்னொன்று, எந்த இடத்தில் எனக்குப் புரியாமல் போனது என்பது, அதையும் கேள்வியாக. பிழைகளுக்குக் கடைசிச் சுற்று இருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, இப்படி எழுதுவதற்கு நாற்பது திருத்தம் போடுவதைவிட அதிக நேரம் பிடிக்கிறது.

நான்காவது, விண்ணப்பங்கள். இதைப் பற்றிப் பேசினாலே தன்னார்வலர்கள் முகம் வாடும். கதை, கவிதை என்று கனவோடு வந்தவரை வருமான விவரம் கேட்கும் ஃபார்மின் முன் உட்கார வைத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? என் கணக்கில் நால்வகையில் மிகக் குறைவாக மதிக்கப்படுவதும் மிக அதிகமாகத் தேவைப்படுவதும் இதுதான்.

எரிக் பெட்டிங்கர் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவில் வரி கணக்குத் தாக்கல் செய்ய வந்த குறைந்த வருமானக் குடும்பங்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கல்வி உதவித்தொகை ஃபார்மை உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்து, எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கும் சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு அந்தத் தகவலை மட்டும் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு இவை எதுவும் இல்லை. ஃபார்ம் நிரப்ப உதவி பெற்ற வீடுகளில், பள்ளி இறுதி ஆண்டுப் பிள்ளைகள் அடுத்த மூன்று வருஷத்தில் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்து முடித்த விகிதம் 28இலிருந்து 36 சதவீதமானது. தகவல் மட்டும் வாங்கிப் போனவர்களிடம் மாற்றம் எதுவும் தெரியவில்லை. பிறகு வேறொரு குழு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு இதே உதவித்தொகை பற்றி நினைவூட்டல்கள் அனுப்பிப் பார்த்தது. கல்லூரியில் சேர்வோர் எண்ணிக்கை அசையவில்லை. செய்தி போதவில்லை, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

ஃபார்மோடு கட்டுரையும் சேர்ந்து வரும். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் முக்கியக் கட்டுரைக்கு உச்ச வரம்பு 650 சொல். பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பு 2026 சேர்க்கையிலிருந்து நீளமான ஒற்றைக் கட்டுரைக்குப் பதில் மூன்று கேள்விகள் கேட்கிறது. மொத்தம் 4,000 எழுத்துக்குள் பதில் இருக்க வேண்டும். இடம் சிறுத்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் விலை ஏறும். கெடு தேதி வேறு நெருங்கும். தன்னார்வலர் மெதுவாக விசைப்பலகையைத் தன் பக்கம் இழுப்பது அந்தச் சமயத்தில்தான். "இப்படிச் சொன்னா நல்லா இருக்குமே" என்று ஒரு வரி, அப்புறம் ஒரு பத்தி. கடைசியில் நாற்பது வயதுக்காரரின் குரலில் பதினேழு வயதுக் கட்டுரை. படிக்கும் தேர்வாளருக்கு அது வாசனையிலேயே தெரிந்துவிடும். அது மட்டுமா, தன் கதையைத் தன்னால் சொல்ல முடியாது என்ற எண்ணமும் அந்தப் பிள்ளைக்குள் இறங்கிவிடும்.

இந்த விஷயத்தில் எனக்குப் பாடம் கற்றுத் தந்தது பட்டியலிலேயே இல்லாத ஐந்தாவது வேலை: பார்வையற்ற, கை இயங்காத மாணவர்களுக்குத் தேர்வில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்கும் ஸ்கிரைப் பணி. அங்கே பேனா நம் கையில், ஆனால் ஒரு சொல்கூட நம்முடையது இல்லை. தவறான விடை என்று தெரிந்தாலும் எழுத வேண்டும், முகத்தில்கூடக் காட்டக்கூடாது. ஒருமுறை அதைச் செய்துவிட்டால் விண்ணப்பக் கட்டுரையில் விரல் தானாக அடங்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஒரே ஒரு சனிக்கிழமைதான் இருக்கிறது என்றால் பட்டறை. ஒரு வருஷம் நிச்சயம் என்றால் வழிகாட்டி, அதுவும் முன்பே இரண்டு மூன்று பட்டறைக்குப் போய்வந்த பிறகு. வருஷத்தில் விண்ணப்பக் காலமான சில வாரங்கள் மட்டும் முடியும் என்றால் தயங்காமல் ஃபார்ம் பக்கம் போங்கள், அங்கேதான் ஆள் பற்றாக்குறை. நுணுக்கமாகப் படிக்கத் தெரியும், ஆனால் முகம் பார்த்துப் பேசக் கூச்சம் என்பவர்களுக்கு டிராஃப்ட் படிப்பது சரிவரும். சிவப்பு நிறத்தை மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள். எந்த அமைப்பானாலும், சேரும்போது பின்னணிச் சரிபார்ப்பு கேட்கவில்லை, மாணவரோடு தனியாகச் செய்தி அனுப்பிக்கொள்ள விடுகிறார்கள் என்றால் நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

கடைசியாக நான் உதவிக்கு இருந்தது ஒரு மாணவியின் கல்லூரி விண்ணப்பத்துக்கு. வீடியோவில் கட்டுரையை உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். கடைசிக்கு முந்தைய வாக்கியத்தில் நின்றாள். முந்தின வாரம் நான் பேச்சுவாக்கில் சொன்னது அது, அப்படியே கட்டுரைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த வரி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். "இது நான் பேசுற மாதிரி இல்லை" என்று சொல்லி அழித்தாள். சொல் எண்ணிக்கை 641இலிருந்து 629க்கு இறங்கியது.