மதர் அண்ட் சன்: நிஜமாகவே மறந்துவிட்டதா அம்மாவுக்கு?

ஆஸ்திரேலியக் குடும்பக் காமெடித் தொடர் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது 'மதர் அண்ட் சன்'. ஏபிசி தொலைக்காட்சியில் 1984 முதல் 1994 வரை வந்தது. பத்து வருஷத்துக்கும் சேர்த்து 42 எபிசோடுதான், எழுதியது ஜெஃப்ரி ஆதர்டன்.

விவாகரத்தான ஆர்தர் அம்மா மேகியோடு வந்து தங்குகிறான். அம்மாவுக்கு மறதி. இன்னொரு மகன் ராபர்ட் பல் டாக்டர், எப்போதாவது எட்டிப் பார்ப்பான், அம்மாவுக்கு அவன்தான் செல்லம். கூடவே கிடந்து பார்த்துக்கொள்கிற ஆர்தருக்குக் கிடைப்பது குறையும் திட்டும். எங்கள் பாட்டி கடைசிக் காலத்தில் வளையலைக் கழற்றி அரிசி டப்பாவில் போட்டுவிட்டு, அத்தைதான் எடுத்துவிட்டாள் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். பாட்டியைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டியது அதே அத்தைதான். அதனால் ஆர்தர் முகம் சுருங்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும்.

மேகியாக நடித்த ரூத் கிராக்னெலின் கண்களைக் கவனியுங்கள். பார்வை வெறுமையாக எங்கோ நிற்கும், சொல்ல வந்த வார்த்தை உதட்டோடு நின்றுவிடும், ஐயோ பாவம் என்று நாம் இளகுகிற நேரத்தில் சட்டென்று ஒரு கூர்மை வந்து மகனை ஒரே பேச்சில் மடக்கிவிடுவார். நிஜமாகவே மறந்ததா, காரியம் சாதிக்க மறதியை எடுத்துக்கொள்கிறாரா? பல இடங்களில் தெரியவே தெரியாது, ஆர்தருக்கும் தெரியாது, அதுதான் தொடரின் உயிர். இத்தனைக்கும் முதல் சீசன் வந்தபோது கிராக்னெலுக்கு 60 வயதுகூட ஆகவில்லை! ஆர்தராக வரும் கேரி மெக்டொனால்ட் 70களில் நார்மன் கன்ஸ்டன் என்ற கோமாளிப் பேட்டியாளர் வேஷத்தில் நாடு முழுக்கப் பிரபலம். இங்கே அந்த ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல், எரிச்சலை விழுங்கி விழுங்கியே நடித்திருக்கிறார்.

குறை என்றால், பழைய ஸ்டுடியோ பாணி, பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடக்கும், பின்னணியில் ஆடியன்ஸ் சிரிப்பு. முதல் இரண்டு எபிசோடு பழகிக்கொள்ள வேண்டும். ராபர்ட் தட்டிக்கழிக்கிற காட்சிகள் திரும்பத் திரும்ப வருகிற மாதிரியும் தோன்றும். ஆஸ்திரேலிய உச்சரிப்பு பழக்கமில்லாதவர்கள் சப்டைட்டில் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், மேகி முணுமுணுக்கிற வசனத்தில்தான் விஷயமே இருக்கும்.

2023இல் மேட் ஓகைனும் டெனிஸ் ஸ்காட்டும் நடித்துப் புதிதாக எடுத்தார்கள், அதில் ராபர்ட்டுக்குப் பதிலாக ஒரு மகள். மோசமில்லை, டெனிஸ் ஸ்காட் நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் அந்த மேகியிடம் எனக்குப் பயம் வரவில்லை, பழைய மேகியிடம் வந்தது. அதனால் 1984இலிருந்தே ஆரம்பியுங்கள், புதியதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.