மூன்று சக்கர ஸ்ட்ரோலர் வாங்குமுன் கதவையும் முன்சக்கரத்தையும் பாருங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மூன்று சக்கர ஸ்ட்ரோலர், அதாவது குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டி, எல்லோருக்குமான பொருள் இல்லை. வாசலில் பஸ், அங்கிருந்து மால், லிஃப்ட், திரும்பவும் பஸ் என்று உங்கள் நாள் போகிறது என்றால், நாலு சின்னச் சக்கரம் வைத்த, சட்டென்று மடித்துக் கையில் தூக்கிக்கொள்ளும் வண்டியே போதும், அதுவே நல்லதும்கூட. ஆனால் தினமும் குழந்தையோடு நடப்பவர்கள், அதுவும் மண்ணிலும் புல்லிலும் சரளைக்கல்லிலும் மரவேர் தூக்கிவிட்ட நடைபாதையிலும் நடப்பவர்கள் என்றால் மேலே படியுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது தூலி நிறுவனத்தின் அர்பன் கிளைடு 2. லண்டனில் வெம்பிளி பக்கம் ஆல்பர்ட்டனில் இருக்கிறோம், கிராண்ட் யூனியன் கால்வாயின் பேடிங்டன் கிளை இந்த வழியாகத்தான் போகிறது. கரையோரப் பாதையில் மேற்கே நடந்தால் ஹார்சென்டன் குன்று வரும். கொஞ்ச தூரம் தார், கொஞ்ச தூரம் சரளை, மழைக்குப் பிறகு அங்கங்கே சேறு, இதுதான் அந்தப் பாதை. அந்தப் பக்கம் ஃப்ரையன்ட் பூங்காவுக்குப் போனால் இன்னும் மோசம், லண்டன் களிமண் குளிர்காலத்தில் எப்படி ஒட்டும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இந்த இரண்டு இடத்திலும் சின்னப் பிளாஸ்டிக் சக்கர வண்டியைத் தள்ளுவது என்றால் பாதி நேரம் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். பெரிய காற்றுச் சக்கரம் கல்லின் மேல் ஏறி இறங்கிப் போய்விடுகிறது, குழந்தையும் விழிக்காமல் தூங்குகிறது.

மூன்று சக்கரத்தின் பலம் எது என்றால், முக்காலியைப் போல எந்த மேடுபள்ளத்திலும் மூன்றும் தரையைத் தொட்டபடியே இருக்கும். நாலு சக்கரத்தில் கரடுமுரடான தரையில் ஒன்று அந்தரத்தில் நிற்கும், வண்டி ஆடும். அதற்குப் பதிலாக நாம் கொடுக்கும் விலையும் உண்டு. முன்னால் ஒரே ஒரு சக்கரம் என்பதால் முன் மூலைகளில் தாங்கல் கிடையாது. வேகமாகப் போய் வெடுக்கென்று திருப்பினாலோ, நடைபாதை விளிம்பில் கோணலாக இறக்கினாலோ பக்கவாட்டில் சாயப் பார்க்கும். விளிம்பில் எப்போதும் நேராக நின்று ஏற்றுங்கள், நேராக இறக்குங்கள். காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், குழந்தையைத் தூக்கிய மறுநொடி வண்டி பின்னால் மல்லாந்துவிடும். ஈலிங் ரோட்டில் வாங்கும் முருங்கைக்காயும் கீரையும் கீழே இருக்கும் கூடைக்குள் போகட்டும்.

இப்போது முன்சக்கரம். கடைக்குப் போனால் எல்லோரும் துணியின் நிறத்தையும் கப் வைக்கும் இடத்தையும் பார்க்கிறார்கள், வண்டி உங்களுக்கு ஒத்துவருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது முன்சக்கரம்தான். அது மூன்று விதமாக இருக்கும். எப்போதும் நேராகவே நிற்பது ஒன்று. 1984-ல் அமெரிக்காவின் யாக்கிமாவில் ஃபில் பேக்லர் என்ற பத்திரிகையாளர் தன் குழந்தையோடு ஓடுவதற்காக ஸ்ட்ரோலரில் சைக்கிள் சக்கரம் பொருத்திப் பார்த்தாரே, பேபி ஜாகர் என்று பின்னால் பெயரெடுத்தது, அது இந்த வகைதான். நேர்ப்பாதையில் ஓட அருமை, ஆனால் மளிகைக் கடைச் சந்துக்குள் திரும்ப வேண்டும் என்றால் ஒவ்வொரு தடவையும் கைப்பிடியை அழுத்தி முன்பக்கத்தைத் தூக்கணும். இரண்டாவது, எப்போதும் சுழல்வது. கடைக்குள் சுகம், ஆனால் சரிவில் வேகம் பிடித்தால் சக்கரம் இடமும் வலமும் படபடவென்று அடிக்கும், குழிக்குள் போனால் குறுக்கே திரும்பி வண்டியையே நிறுத்திவிடும். மூன்றாவது, தேவைப்பட்டால் சுழலவும் தேவைப்பட்டால் பூட்டவும் முடிவது. என்னைக் கேட்டால் இந்த மூன்றாவது வகையைத் தவிர வேறெதையும் வாங்காதீர்கள். அர்பன் கிளைடு இந்த வகை. கடைத்தெருவில் திறந்துவிடுகிறோம், கால்வாய்க் கரைக்கு வந்ததும் பூட்டிவிடுகிறோம்.

பூட்டியபின் கைப்பிடியை லேசாக விட்டுத் தள்ளிப் பாருங்கள். நேராகப் போகணும். ஒரு பக்கமாக இழுத்தால் பல மாடல்களில் முன்சக்கரத்தின் அருகே அதைச் சரிசெய்யத் திருகு இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சரிப்படுத்தலாம். தண்ணீர் ஓரமாகப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதேபோல, கழற்றி மாட்டுகிற முன்சக்கரம் என்றால் ஒவ்வொரு முறையும் மாட்டியபின் தூக்கி ஆட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பாப் என்ற பெயரில் விற்ற ஓட்ட ஸ்ட்ரோலர்களில் சைக்கிளில் இருப்பது போன்ற நெம்புகோலை இறுக்கித்தான் முன்சக்கரத்தை மாட்ட வேண்டும். ஓடும்போது சக்கரம் கழன்று குழந்தைகளும் பெற்றோரும் காயப்பட்டதாகப் புகார்கள் வந்து, 2018-ல் அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தயாரிப்பாளரான பிரைடாக்ஸ் மீது வழக்கே தொடுத்தது. நெம்புகோல் சக்கரத்தைச் சரியாகப் பிடிக்காதபோதும் வண்டியைத் தள்ளிப் போக முடிகிறது என்பதுதான் அதில் பேச்சாக இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சமரசம் ஆனது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அகலம், இதைத்தான் யாரும் அளப்பதில்லை. அர்பன் கிளைடு 2 ஒற்றை இருக்கை வண்டிதான், ஆனாலும் 69 செ.மீ. அகலம், 11.5 கிலோ எடை, பின்சக்கரம் 16 அங்குலம். இங்கே வீட்டு உள்கதவு வழக்கமாக 76 செ.மீ., பழைய விக்டோரியன் வீடுகளில் அதற்கும் குறைவாக இருக்கும். கதவைத் திறந்து நிறுத்தினால் கதவின் தடிமனும் சட்டமும் போகக் கிடைக்கும் வழி இன்னும் சுருங்கும். ஆகவே கதவின் அளவை எடுக்காமல் வழியின் அளவை எடுங்கள், ஹாலில் ரேடியேட்டர் துருத்திக்கொண்டிருந்தால் அந்த இடத்தையும் சேர்த்து. தோழி ஒருத்தி இரண்டு பிள்ளைகளுக்காக அவுட் அண்ட் அபவுட் நிறுவனத்தின் நிப்பர் இரட்டை இருக்கை வண்டி வைத்திருக்கிறாள், அது 72 செ.மீ., பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் வண்டிக்கு நல்ல ஒடுக்கம் என்றே சொல்லணும். அவளுடைய வாசலில் அது நுழைகிறது, எங்கள் சமையலறை வாசலில் நுழையாது.

பஸ் விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். லண்டன் பஸ்ஸில் ஸ்ட்ரோலர் நிறுத்தும் இடம் முதலில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கானது. சக்கர நாற்காலியில் போகும் பாவ்லி என்பவர் ஃபர்ஸ்ட்குரூப் பஸ் நிறுவனத்துக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கில், ஓட்டுநர் ஸ்ட்ரோலர் வைத்திருப்பவரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது, இடத்தைக் காலிசெய்ய வைக்க இன்னும் முயல வேண்டும் என்று 2017-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது நியாயமான தீர்ப்பு. அவர்களுக்கு அந்தப் பஸ்ஸில் வேறு இடம் கிடையாது, நமக்கு மடிக்கவோ இறங்கவோ வழி உண்டு. ஆனால் கையில் குழந்தை, தோளில் பை, மழையில் நனைந்த 11.5 கிலோ வண்டி, இதை ஓடும் பஸ்ஸுக்குள் மடிப்பது லேசான காரியம் இல்லை, மடித்தாலும் அது சின்னதாகிவிடாது. டியூப் என்கிற சுரங்க ரயில் நிலையங்களில் சுமார் மூன்றில் ஒன்றுக்குத்தான் படியில்லாத வழி இருக்கிறது, எலிசபெத் லைன் ரயில் பாதையில் மட்டும் எல்லா நிலையத்திலும் உண்டு. தினமும் பொதுப் போக்குவரத்தில் போகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தரம் படித்துவிட்டு முடிவெடுங்கள். கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி, அர்பன் கிளைடில் பின்சக்கரங்களைப் பொத்தானை அழுத்திக் கழற்றிவிடலாம். சின்ன காரின் டிக்கியில் அப்படித்தான் அடங்கும்.

டயர். காற்றடைத்தது வேண்டுமா, ஃபோம் நிரப்பியது வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நடைபாதை மட்டும் என்றால் ஃபோம், மண் பாதை என்றால் காற்று. பஞ்சர் ஆகுமா என்றால் ஆகும். இங்கே வேலிகளில் ஹாதார்ன் முள்தான் அதிகம். பறவைகள் கூடு கட்டும் காலம் முடிந்து செப்டம்பரிலிருந்து வேலிகளை வெட்ட ஆரம்பிப்பார்கள், அந்த முட்கள் பாதையில் கிடக்கும். குழந்தையோடு நட்ட நடுவழியில் டயர் இறங்கினால் என்ன பாடு என்று சொல்லத் தேவையில்லை. அதனால் டியூபுக்குள் ஓட்டை அடைக்கும் திரவத்தை முன்கூட்டியே ஊற்றி வைத்துவிட்டோம், கூடையில் சின்ன கைப்பம்பும் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அழுத்தத்துக்கு மேலே ஏற்றாதீர்கள், கல்லாக இறுகிய டயரில் காற்று இருந்தும் பயன் இல்லை.

பிரேக்கைப் பற்றிக் கேட்டால் என் அம்மாவை நினைத்துத்தான் சொல்வேன். பேறுகாலத்துக்கு ஊரிலிருந்து அம்மாவோ அத்தையோ வந்து ஆறு மாதம் இருப்பது நம் வீடுகளில் வழக்கம், அந்த ஆறு மாதமும் வண்டியை அதிகம் தள்ளுவது அவர்கள்தான். சில வண்டிகளில் பிரேக்கை எடுக்கக் கால்விரலை அடியில் கொடுத்து மேலே நெம்ப வேண்டும். செருப்புப் போட்ட காலுக்கு அது வலி, சேலை கட்டியவர்களுக்கு அதைவிடத் தொல்லை. கடையிலேயே அம்மாவை அழைத்துப் போய் பிரேக்கைப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். கைப்பிடி உயரம் மாறுமா என்றும் பாருங்கள், என் கணவர் ஆறடி, அம்மா ஐந்தடிகூட இல்லை, தூலியில் கைப்பிடி ஏறி இறங்குவதால் இரண்டு பேருக்கும் சரியாக இருக்கிறது. இந்த வண்டியில் கைப்பிடியிலேயே முறுக்குகிற பிரேக்கும் உண்டு, இறக்கத்தில் வேகத்தைக் குறைக்க அது பெரிய உதவி. கூடவே வரும் மணிக்கட்டுப் பட்டையை அலட்சியம் பண்ணாதீர்கள். கால்வாய்க் கரையில் நிற்கும்போது பிரேக் போடுவதோடு, வண்டியைத் தண்ணீரைப் பார்க்க நிறுத்தாமல் கரைக்கு இணையாகத் திருப்பி நிறுத்துங்கள்.

பிறந்த குழந்தைக்கு அர்பன் கிளைடின் இருக்கை ஆகாது. ஆறு மாதம் வரை தனியாக விற்கும் தொட்டிலை மாட்ட வேண்டும், அதற்கும் நல்ல விலை. நிப்பர் மாதிரி இருக்கையே தட்டையாகச் சாயும் வண்டி என்றால் அந்தச் செலவு மிச்சம், முதல் குழந்தைக்காக வாங்குகிறவர்கள் இதைக் கணக்குப் போடுங்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுவதற்கும் குழந்தைக்குக் குறைந்தது ஆறு மாதம் ஆகும்வரை பொறுக்க வேண்டும், கழுத்து நன்றாக நிற்கணும், அதன் பிறகும் ஒருமுறை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வெயிலுக்கு என்று மேலே துண்டையோ போர்வையையோ போட்டு மூடாதீர்கள், உள்ளே காற்று நின்று சூடேறும், குழந்தையின் முகமும் தெரியாது. பெரிய கூரை உள்ள வண்டியாகத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

கடையில் வழவழப்பான தரையில் காலி வண்டியை ஒரு விரலால் தள்ளிக் காட்டுவார்கள், அப்படித் தள்ளினால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் போகும். நாங்கள் காரில் இருந்த அரிசி மூட்டையை எடுத்துவந்து இருக்கையில் வைத்துப் பெல்ட் மாட்டித்தான் தள்ளிப் பார்த்தோம், வாசலில் இருந்த படி விளிம்பிலும் ஏற்றி இறக்கினோம். விற்பனையாளர் மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

புதிது பல நூறு பவுண்டு ஆகும், அதனால் செகண்ட் ஹேண்டில் வாங்குவதில் தவறே இல்லை, இந்த மாதிரி வண்டிகள் அடுத்த பிள்ளைக்கும் உழைக்கும். இஎன் 1888 என்ற ஐரோப்பியத் தரக்குறி லேபிளில் இருக்கிறதா, ஐந்து முனை பெல்ட் ஐந்தும் பூட்டுகிறதா, பிரேக் போட்டபின் பின்சக்கரம் இரண்டும் நிற்கிறதா, மடிக்கும் பூட்டு தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்கிறதா, அந்த மாடலைக் குறை காரணமாகத் தயாரிப்பாளர் திரும்ப அழைத்திருக்கிறாரா என்று பாருங்கள். துணி கிழிந்திருந்தால் கவலைப்படாதீர்கள். முன்சக்கரத்தில் ஆட்டம் இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.