நோக்கக் கட்டளையா, விரிவான கட்டளையா?

கொழும்பில் பாதுகாப்புக் கற்கை படிப்பவர்களை அடிக்கடி குழப்பும் கேள்வி இது. விரிவான கட்டளை என்றால் எதை, எப்படிச் செய்வது என்று ஒவ்வொரு படியையும் மேலிடமே சொல்வது; நோக்கக் கட்டளை என்றால் எதை, ஏன் என்று மட்டும் சொல்லி, எப்படி என்பதைக் கீழுள்ளவரிடம் விடுவது.

வேகம்: விரிவான கட்டளையில், நிலைமை மாறினால் பிளட்டூன் (சிறு படைப்பிரிவு) தளபதி மேலிட அனுமதிக்குக் காத்திருப்பார். நோக்கக் கட்டளையில் "பின்வரும் படை விடியுமுன் ஆற்றைக் கடக்க வேண்டும், பாலத்தைப் பிடி" என்பதே உத்தரவு. பாலம் தகர்ந்திருந்தால் ஆற்றைக் கடக்க வேறு இடத்தை அவரே தேடுவார்.

தொடர்பு அறுந்தால்: முன்னது நின்றுவிடும், பின்னது ஓடும்.

செலவு: இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நோக்கக் கட்டளைக்கு நீண்ட பயிற்சி வேண்டும்: 1806இல் யேனா போரில் நெப்போலியனிடம் தோற்ற பின், ஜெர்மானிய அரசான பிரஷ்யா தன் அதிகாரிகளை இதற்குப் பழக்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. இரண்டு படி மேலுள்ள தளபதியின் நோக்கம் தெரியாதவரிடம் சுதந்திரத்தைக் கொடுத்தால், பக்கத்துப் படை சுடும் பகுதிக்குள் புகுந்துவிடுவார்.

பீரங்கிச் சூடு, கண்ணிவெடி அகற்றலுக்கு விரிவான கட்டளைதான். ரோந்துக்கும், களனி கங்கை பெருகும்போது கொலன்னாவையில் படகிறக்கும் அணிக்கும் நோக்கத்தைச் சொல்லி விடுங்கள்.