லாபெல் 108: குட்டி ரயில் என்ஜினுக்கு ஏற்ற எண்ணெய்

ஹெச்ஓ (HO), என் (N) எனப்படும் சிறிய அளவு மாடல் ரயில் என்ஜின்களுக்கு இந்த மெல்லிய எண்ணெயைத் தயங்காமல் சொல்வேன். பிளாஸ்டிக்கைக் கெடுக்காது, ஊசி முனையும் பாட்டிலோடேயே வருகிறது. அந்த ஊசிதான் இதன் பெரிய பலம். அதற்காகப் பாட்டிலை அழுத்திப் பீய்ச்சக் கூடாது. முனையில் கடுகளவு துளி திரண்டதும் மோட்டார் பேரிங்கில் தொட்டு எடுத்தால் போதும். மோட்டாரின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தொடல், அச்சு முனைகளில் அதைவிடக் குறைவு.

கூடிப்போனால்தான் வம்பு. கம்யூட்டேட்டருக்கு (மோட்டாருக்குள் சுழலும், செம்புத் துண்டுகள் பதித்த உருளை) வழிந்த எண்ணெய், அதில் உரசும் கார்பன் பிரஷின் தூளோடு குழைந்து கறுப்புப் பசையாகிவிடும். அது செம்புத் துண்டுகளுக்கு நடுவில் உள்ள இடுக்கை அடைத்தால் மோட்டார் சூடாகும், வேகம் குறையும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்தால் சரியாகிவிடும். சக்கர விளிம்பில் பட்டாலோ தண்டவாளத்தோடு மின்தொடர்பு விட்டுவிட்டு வரும், பிடிப்புக்காகச் சக்கரத்தில் மாட்டிய ரப்பர் வளையம் வழுக்கும்.

வார்ம் கியருக்கு (மோட்டாரின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் திருகுப் பல்லிணை) இது வேண்டாம், சுழலும்போது தெறித்துவிடும். பழைய கெட்டி கிரீஸை வழித்துவிட்டு, அதே நிறுவனத்தின் 106 கிரீஸை இரண்டு மூன்று பற்களில் மட்டும் தடவுங்கள். பிறகு மெதுவாக முன்னும் பின்னும் பத்துப் பத்து நிமிடம் ஓட்டினால் மீதிப் பற்களுக்கும் தானே பரவிவிடும்.