486 யூரோ போயிற்று: இத்தாலியில் ரயிலில் ஊர் ஊராகச் செல்லவிருப்போர் கவனத்துக்கு

486 யூரோ. நம் பணத்தில் ஏறக்குறைய அரை லட்சம் ரூபாய். வெனிஸிலிருந்து பதுவை, ஃபெராரா, ராவென்னா வழியாகப் பொலோன்யா வரை நான்கு பேர் ரயிலில் செல்வதற்காக ஓர் இணைய முன்பதிவுத் தளத்துக்கு நான் கட்டிய தொகை இது. கட்டிய பணத்துக்கு ரயிலில் செல்லுபடியாகும் ஒரு பயணச்சீட்டுகூட எங்கள் கைக்கு வரவில்லை. ஊர் திரும்பிய அலுப்பு இன்னும் தீரவில்லை. ஆனாலும் கோடை விடுமுறைக்கு இதே வழியைத் திட்டமிட்டுக்கொண்டிருப்பவர்களிடம் இவர்கள் கைவரிசையைக் காட்டிவிடக் கூடாது என்பதால் உடனே எழுதுகிறேன். நடந்ததை முதலில் சொல்லிவிட்டு, நீங்கள் செய்ய வேண்டியதைக் கடைசியில் விரிவாகத் தருகிறேன். வங்கியில் புகார் நிலுவையில் இருப்பதால் தளத்தின் பெயரை இப்போது எழுதவில்லை. பல நாட்டு ரயில், பேருந்துச் சீட்டுகளை ஒரே இடத்தில் விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் இடைத்தரகுத் தளம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் மனைவியும், மாமனார் மாமியாரும் சென்றோம். ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் எந்தத் தேதியில் எந்த ஊரில் இருப்போம் என்று காட்ட வேண்டியிருந்தது. மாமனாருக்கு முழங்கால் வலி இருப்பதால் நின்றுகொண்டே பயணம் செய்ய முடியாது. ஆகவே சென்னையிலிருந்தே எல்லாவற்றையும் உறுதிசெய்துவிட விரும்பினோம்.

அந்தத் தளத்தின் உரையாடல் பெட்டியில் பதில் எழுதியவர் அரைகுறையாகத் தெரிந்து பேசியவர் அல்லர் என்பதுதான் இன்றும் என்னை எரியச் செய்கிறது. ஃபெராராவிலிருந்து ராவென்னாவுக்கு அதிவேக ரயில் கிடையாது, ஊர் ஊராக நின்று செல்லும் பிராந்திய ரயில் நேரடியாகச் செல்கிறது, அதில் போங்கள் என்றார். வெனிஸில் கால்வாய்க் கரையிலேயே இருக்கும் சாந்தா லூச்சியா நிலையத்தில் ஏறுங்கள், பாலத்துக்கு அப்பால் உள்ள மெஸ்த்ரே நிலையத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார். பதுவையில் ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்துக்கு முன்பதிவு இல்லாமல் போனால் இடம் கிடைப்பது அரிது, அதையும் நாங்களே எடுத்துத் தருகிறோம் என்றார். வரைபடத்தையும் கால அட்டவணையையும் வைத்துச் சரிபார்த்தேன். ஒவ்வொன்றும் உண்மையாக இருந்தது. மாமனாரின் முழங்காலைப் பற்றி எழுதியதும், "பெரியவர்களுக்கு ஜன்னலோரம், நால்வருக்கும் எதிரெதிர் இருக்கை" என்று பதில் வந்தது. பெற்ற பிள்ளைகூட இவ்வளவு கரிசனத்தோடு கேட்டிருக்க மாட்டான் என்று மாமியார் சொன்னார். அன்று இரவே 486 யூரோவைக் கடன் அட்டையில் செலுத்தினேன். அட்டை நிறுவனம் எடுத்துக்கொண்ட அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. சில நிமிடங்களில் பெட்டி எண், 21 முதல் 24 வரை இருக்கை எண்கள், சதுரக் குறியீடு எல்லாம் அச்சிட்ட அழகான ஆவணம் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது.

வெனிஸில் ஏறினோம். குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட ரயில் நின்றது. ஆனால் எங்கள் இருக்கை எண்களைத் தேடியபோது அப்படி ஒன்றும் அங்கே இல்லை. கிடைத்த இடத்தில் அமர்ந்தோம். மெஸ்த்ரேயைக் கடந்த பிறகு வந்த பயணச்சீட்டுப் பரிசோதகர் அந்தக் குறியீட்டைத் தம் கருவியில் காட்டிப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார், பிறகு தலையை ஆட்டினார். என் கைப்பேசியில் அதே குறியீட்டைப் படிக்கவைத்தபோது அந்தத் தளத்தின் முகப்புப் பக்கம்தான் திறந்தது. பிராந்திய ரயிலில் இருக்கை முன்பதிவு என்பதே கிடையாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். அங்கேயே கூடுதல் கட்டணத்தோடு நால்வருக்கும் புதிதாகச் சீட்டு வாங்கினோம். பெட்டியில் இருந்த அத்தனை பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வித்தவுட்டில் வந்தவர்களைப் போல மாமனார் தலையைக் குனிந்துகொண்டார்.

பதுவை நிலையத்தின் கவுன்டரில் இருந்த பெண்மணி மீதி மூன்று கட்டங்களுக்கான எண்களையும் தட்டிப் பார்த்துவிட்டு, எதுவுமே தங்கள் கணினியில் இல்லை என்றார். அவர் சொல்லித்தான் முழு விவரமும் தெரிந்தது. பிராந்திய ரயிலின் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது, இன்று வாங்கினாலும் முன்கூட்டியே வாங்கினாலும் ஒரே விலை, தீர்ந்துபோவதும் இல்லை. நாங்கள் சென்ற எந்தக் கட்டத்துக்கும் ஒருவருக்குப் பத்து யூரோகூட ஆகவில்லை. விலை ஏறுவதும், முன்பதிவு செய்தால் மலிவாகக் கிடைப்பதும் ஃப்ரெச்சாரோஸா போன்ற அதிவேக ரயில்களில்தான். இல்லாத முன்பதிவை விற்றுத்தான் 486 யூரோவை வாங்கியிருக்கிறார்கள்.

சிற்றாலயத்திலும் எங்கள் பெயர் பட்டியலில் இல்லை. 1305 வாக்கில் ஓவியர் ஜோத்தோ தீட்டி முடித்த சுவரோவியங்கள் ஈரக்காற்றால் கெடாதிருக்க, பார்வையாளர்களைச் சிறு குழுக்களாகக் கண்ணாடி அறையில் கால் மணி நேரம் உட்காரவைத்துப் பிறகுதான் உள்ளே அனுப்புகிறார்கள். ஆகவே கூட்டத்தோடு கூட்டமாக நுழைவதற்கு வழியே இல்லை. நாங்கள் அந்த ஊரில் இருந்தவரை எல்லா நேரங்களும் நிரம்பியிருந்தன. அந்தச் சிற்றாலயத்தைக் கட்டுவித்த என்ரிக்கோ ஸ்க்ரோவெஞ்ஞியின் தந்தை பெரிய வட்டிக்காரர். தம் காவியத்தில் வட்டிக்காரர்களை நரகத்தின் ஏழாம் வட்டத்தில் போட்ட இத்தாலியக் கவிஞர் தாந்தே, அவர்களுக்கிடையே அந்தக் குடும்பத்தின் சின்னம் தாங்கிய ஒருவரையும் உட்காரவைத்தார். ஏமாற்றுக்காரர்களுக்கோ அதற்கும் கீழே எட்டாம் வட்டத்தை ஒதுக்கினார். ராவென்னாவில் தாந்தேயின் கல்லறைக்கு முன்னால் நின்றபோது அந்த ஏற்பாடு மிகச் சரி என்று எனக்குப் பட்டது.

பதுவையில் எங்களிடம் யாரும் காசு பிடுங்காத இடம் புனித அந்தோனியார் பேராலயம் மட்டுமே. உள்ளே செல்லக் கட்டணம் இல்லை. தொலைந்த பொருளைத் தேடித் தருபவர் என்று நம் ஊரிலும் அவரை வேண்டிக்கொள்வார்கள் அல்லவா, மாமியார் 486 யூரோவுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். இதுவரை பலன் தெரியவில்லை. மற்ற ஊர்களுக்கு இயந்திரத்தில் சீட்டு வாங்கித்தான் போனோம். ராவென்னாவில் சான் விதாலே ஆலயத்தின் பொன்னிற மொசைக்கை அண்ணாந்து பார்க்கும்போதுகூட, கையில் கைப்பேசியோடு அவர்களின் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

பதில்கள் வந்தன, பணம் வரவில்லை. பணம் கட்டும் முன் நொடியில் பதில் எழுதிய அந்த மனிதர் மறைந்துபோய், அதே பெட்டியில் தானியங்கி ஒன்று "உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்" என்று எழுத ஆரம்பித்தது. முதலில், நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, ரயில் நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். சீட்டே பதிவாகவில்லை என்று கவுன்டரில் சொன்னதை எழுதியபோது, அனுப்பியது பயணச்சீட்டு அல்ல, "பயண உறுதிச் சீட்டு", அதைக் கொடுத்து அசல் சீட்டைப் பெற்றிருக்க வேண்டும் என்றார்கள்; எங்கே, யாரிடம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அடுத்த மின்னஞ்சலில், வெனிஸிலிருந்து நீங்கள் பயணம் செய்துவிட்டீர்கள், ஆகவே சேவை வழங்கப்பட்டுவிட்டது என்று வாதிட்டார்கள். கடைசியாக, நல்லெண்ண அடிப்படையில் 25 யூரோவுக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறார்களாம், அதுவும் அவர்களிடமே அடுத்த பயணத்துக்கு. 486 யூரோ எங்கே, 25 யூரோ கூப்பன் எங்கே! வங்கியோ, ஆவணம் கைக்கு வந்திருப்பதால் இதைச் சேவைத் தகராறாகத்தான் பார்க்க முடியும் என்று சொல்லி, விற்றவரின் விளக்கத்தைக் கேட்டிருக்கிறது.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். வங்கிக்கு ஆவணங்களைத் தொகுத்து அனுப்ப வேண்டியிருப்பதால் சுருக்கமாக முடிக்கிறேன். பிராந்திய ரயிலுக்கு யாரேனும் இருக்கை எண் தருவதாகச் சொன்னால் அந்த இடத்திலேயே விலகிவிடுங்கள். சீட்டை நிலைய இயந்திரத்திலோ ரயில் நிறுவனத்தின் சொந்தச் செயலியிலோ வாங்குங்கள். காகிதச் சீட்டை ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும், மறந்தால் அபராதம் உண்டு. ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்துக்கு அதன் சொந்தத் தளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். உரையாடல் பெட்டியில் பேசியதை உடனுக்குடன் படமெடுத்து வையுங்கள். என்னோடு பேசியதை அவர்கள் அழித்துவிட்டார்கள். இதே தளத்தில் பணம் இழந்தவர்கள் இருந்தால், உங்கள் வங்கி என்ன சொன்னது என்பதைக் கீழே எழுதுங்கள்.